‘நல்லா இருக்கு’ என்றால் போதுமா? வாசகர் கருத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். யாராவது ஒருவருடைய கதையை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, எழுதியவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவோம். கோவைப் பக்கத்தில் இது எட்டாவது வருடமாக நடக்கிறது. மற்ற நாட்களில் நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவள். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. டீ ஆறுவதற்குள் அரைகுறையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. நான் எழுதறது என் சந்தோஷத்துக்குத்தான். அதுக்கு எதுக்கு அடுத்தவங்க கருத்து?

உங்கள் சந்தோஷத்துக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. டைரிக்கு யாரும் மதிப்புரை கேட்பதில்லை. ஆனால் இன்னொருவர் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் ஒரு சிக்கல் வருகிறது. உங்கள் கதையை முதல்முறையாகப் படிக்க உங்களால் முடியாது. உங்களுக்கு அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும், அத்தை ஏன் பேசவில்லை என்று தெரியும். தாளில் அது இருக்கிறதா, உங்கள் மண்டைக்குள் மட்டும் இருக்கிறதா என்பதுதான் தெரியாது.

மெய்ப்புப் பார்ப்பதே என் தொழில். அப்படியும் என் முதல் தொகுப்பில் ஒரு கதையில் செல்வி என்ற பெண் இரண்டு பக்கம் மட்டும் கலாவாக மாறியிருந்தாள். மூன்று தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. என் சித்தி பெண் பஸ்ஸில் வரும்போது படித்துவிட்டு, “யாருக்கா இந்தக் கலா?” என்று போன் செய்தாள்.

2. இதெல்லாம் இங்கிலீஷ்காரன் பழக்கம்தானே? நம்ம ஆளுங்க இப்படிக் கேட்டுட்டா எழுதினாங்க?

கேட்டுத்தான் எழுதினார்கள். தொல்காப்பியத்தின் முன்னுரைப் பாட்டான சிறப்புப் பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரியக் காட்டிய நூல் என்று அதை அறிமுகப்படுத்துகிறது. நூல் இன்னாருடையது என்பதோடு அதை யார் கேட்டுச் சரிபார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அரங்கேற்றம் என்றால் இன்று மேடை, பொன்னாடை, மைக் ஞாபகம் வருகிறது. நூலைப் பொறுத்தவரை அது, கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் முன்னால் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது.

இவ்வளவு பழைய காலத்துக்குப் போகவும் வேண்டாம். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையை ஆரம்பித்ததே விமர்சனத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். இன்று அதைப் புதுக்கவிதையின் பத்திரிகையாகத்தான் பலருக்குத் தெரியும். 1970 வரை கையைக் கடித்துக்கொண்டு நடத்தினார். தமிழில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அலசினால் அது பகை இல்லை என்று நிலைநாட்ட இவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது.

3. படிச்ச எல்லாரும் ‘நல்லா இருக்கு, தொடர்ந்து எழுதுங்க’ன்னுதான் சொல்றாங்க. இதை வச்சு என்ன பண்றது?

ஒன்றும் பண்ண முடியாது. சந்தோஷப்படலாம், அவ்வளவுதான். ஆனால் குறை அவர்களுடையது இல்லை. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் அதேதான்.

கேள்வியை மாற்றுங்கள். எந்தப் பக்கத்தில் கதையைக் கீழே வைத்தீர்கள்? அதற்கு அப்புறம் எத்தனை நாள் கழித்து எடுத்தீர்கள்? யார் யார் பெயர் ஞாபகம் இருக்கிறது? எந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது? இதற்கெல்லாம் பதில் சொல்ல இலக்கிய அறிவும் வேண்டாம், தைரியமும் வேண்டாம். யாரையும் புண்படுத்துகிறோம் என்ற உறுத்தல் இல்லாமல் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்னொன்று. “கதையை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்பது. எங்கள் வட்டத்தில் ஒருவர் மகளுக்குச் செய்த துரோகத்தை நினைத்துப் புழுங்கும் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய ஓர் அம்மா அதைத் திருப்பிச் சொன்னார். முழுக்க முழுக்க மாட்டைப் பற்றித்தான் சொன்னார். சந்தையில் விற்ற மாடு, அது திரும்பிப் பார்த்தது, புது ஆள் கயிற்றை இழுத்தது. அப்பா ஒரே வரியில் வந்து போனார். எழுதியவருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்: “அந்த மாட்டை மட்டும்தாங்க நான் கண்ணால பார்த்து எழுதியிருக்கேன். அப்பாவைப் பத்தி வெறும் வியாக்கியானம்.”

4. யார்கிட்ட படிக்கக் கொடுக்கணும்? வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தா சண்டைதான் வருது.

வரத்தான் செய்யும். வீட்டில் உள்ளவர்கள் கதையைப் படிக்க மாட்டார்கள், கதைக்குள் தங்களைத் தேடுவார்கள். மாமியார் பாத்திரம் வந்தால் போச்சு. அவர்களிடம் புத்தகமாக வந்த பிறகு கொடுங்கள்.

அந்த மாதிரி எழுத்தை நிறையப் படித்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அதிகம் படிக்காத ஒருவரிடமும் கொடுக்க வேண்டும். எல்லோரும் விட்டுவிடுகிற மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: கதை நடக்கிற உலகத்தில் வாழ்ந்தவர். நான் ஒரு மில் தொழிலாளியைப் பற்றி எழுதினேன். சங்கு ஊதியதும் அப்பா சைக்கிளில் வீட்டுக்கு வருவார், குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் படித்துவிட்டு, “எல்லாம் சரிங்கம்மா. மில்லுல இருந்து வர்றவன் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்குமே, குழந்தை முதல்ல அதைத்தானே பிடுங்கும்?” என்றார். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அந்தக் கதையில் இன்றுவரை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது அதைத்தான். அது என்னுடைய வரி இல்லை.

எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். முதல்முறை படிப்பவர் என்ற தகுதி ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான். இரண்டு பேரிடம் கொடுத்து, திருத்தி, பிறகு அடுத்த இரண்டு பேர்.

5. ஒருத்தர் இழுவையா இருக்கு, சுருக்குங்கறார். இன்னொருத்தர் பத்தலை, விரிங்கறார். யார் பேச்சைக் கேட்கறது?

இருவரும் எந்த இடத்தைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே இடமாக இருக்கும்.

ஜாக்கெட் தைத்து வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, “கையில பிடிக்குதுக்கா” என்று டெய்லரக்காவிடம் சொல்கிறோம். அவர் கையைப் பிரிப்பதில்லை. தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு தையலைப் பிரிப்பார். பிடிக்கிறது என்று நாம் சொன்னது பொய் இல்லை. போட்டுப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். ஆனால் எந்தத் தையலைப் பிரிப்பது என்பது தைத்தவருக்குத்தான் தெரியும். ஒருவர் ‘சுருக்கு’ என்றும் இன்னொருவர் ‘விரி’ என்றும் சொல்கிற அத்தியாயத்தில், உண்மையில் அதற்கு முந்தைய அத்தியாயத்தில் வந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் விடுபட்டிருக்கும். நான் மெய்ப்புப் பார்த்த நாவல்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இடமும் வேறு வேறாக இருந்தால்? ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வையுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே கல் கிடக்கிறது.

6. கதையோட முடிவையே மாத்தச் சொல்றாங்க. மாத்தணுமா?

டெய்லரக்காவைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும். ‘முடிவு பிடிக்கவில்லை’ என்பது பிடிக்கிற இடம். ‘அவளைச் சாக விடாதீங்க’ என்பது எந்தத் தையலைப் பிரிப்பது என்ற யோசனை. முதலாவதைக் கேளுங்கள், இரண்டாவதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சாவது வாசகருக்கு வலிக்கிறது என்றால் கதை வேலை செய்திருக்கிறது. நம்ப முடியவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

கல்கி செய்ததைப் பாருங்கள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. கதை சட்டென்று முடிந்துவிட்டது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் கதையைத் திறந்து மாற்றவில்லை. முடிவுரை என்று தனியாக ஒன்று எழுதி, அதில் பதில் சொன்னார். வாசகர் கேட்டதற்கு மரியாதையும் கொடுத்தாயிற்று, கதையும் அப்படியே நின்றது.

7. நான் வெறும் வாசகனுங்க. விமர்சனக் கோட்பாடு எல்லாம் தெரியாது. நான் கருத்துச் சொல்லலாமுங்களா?

நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது பதிலில் உள்ள கேள்விகளை நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டு பதில் எழுதினாலே ஓர் எழுத்தாளருக்கு அது பொக்கிஷம்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்ல ஆசை என்றால், கோட்பாட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்ததுதான். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

இதில் ‘மயங்க வைத்தல்’ என்பது, யார் பேசுகிறார் என்றே புரியாமல் நாம் இரண்டு பக்கம் திரும்பிப் போகிற இடம். ‘மற்றொன்று விரித்தல்’, கல்யாணக் கதை சொல்ல வந்தவர் மண்டப வாடகையின் வரலாற்றை நாலு பக்கம் எழுதுவது. செல்வி கலாவானது ‘மாறுகொளக் கூறல்’ கணக்கில் வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஆரம்பத்தில் அமர்க்களமாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, கடைசியில் ஏனோதானோ என்று முடிவது. இன்று அச்சாகிற நாவல்களில் பாதியின் நோய் இது. இந்தப் பேரைச் சொன்னால் போதும், எழுதியவருக்குப் புரிந்துவிடும். “போர் அடிக்குது” என்று சொன்னால் புரியாது, கோபம்தான் வரும்.

8. உண்மையைச் சொன்னா மனசு புண்படுமே? எப்படிச் சொல்றது?

கொஞ்சம் புண்படும். புண்படவே கூடாது என்றால் மூன்றாம் கேள்வியில் வந்த ‘நல்லா இருக்கு’தான் மிஞ்சும். ஆனால் காயப்படுத்துவது பெரும்பாலும் குறை இல்லை, சொல்கிற விதம். “உங்களுக்கு உரையாடல் எழுத வரலை” என்றால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. “பதினாலாம் பக்கத்தில் பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரி பேசுறாங்க, யார் யார்னு எனக்குப் பிரியலை” என்றால் அது பக்கத்தைப் பற்றிய தகவல். முதலாவதை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். இரண்டாவதை வைத்து அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்தலாம்.

பிடித்ததையும் இதே மாதிரி பக்கம் போட்டுச் சொல்லுங்கள். எது நன்றாக வந்தது என்று தெரியாமல் திருத்தப் போனால், இருக்கிற நல்ல வரியையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப வருடங்களில், கல்லூரி முடித்த ஒரு பையனின் கதையைப் பதினைந்து பேர் முன்னால் வரி வரியாகக் கிழித்தேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அடுத்த மாதம் அவன் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. அந்தக் கதையில் மழைக்கு முன்னால் தறிக்கூடத்தில் நூல் எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி இருந்தது. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று நான் அன்று சொல்லவே இல்லை. இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு விதி: கதையில் ஒருவர் மூன்று குறை கண்டிருந்தாலும் சபையில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். மீதியைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

9. கிண்டில்ல யாரோ ஒத்தை நட்சத்திரம் போட்டிருக்காங்க. ரெண்டு நாளா தூக்கம் இல்லை.

முதலில் அதில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் நட்சத்திரம் என்றால் அது எண், கருத்து இல்லை. அதிலிருந்து கற்க எதுவும் இல்லை. கூரியர் தாமதம், எழுத்துரு சரியாகத் தெரியவில்லை என்பதற்கெல்லாம்கூட ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, நட்சத்திரத்துக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் வேறு. வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்புரை போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்திருந்தது’ என்று அவர்களே விளக்கம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வழக்கத்தில் நாலு போட்டாலே ஏதோ கோபம் என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதியவர்தான் பெரும்பாலும் கவனமாகப் படித்தவர். அவரிடமிருந்துதான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

பதில் எழுதாதீர்கள். “நீங்க சரியாப் புரிஞ்சுக்கலை” என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், அடுத்து எழுத வரும் நாலு பேர் வாயை அடைக்கும்.

10. சொந்தக்காரங்களை வச்சு அஞ்சு நட்சத்திரம் போட்டுக்கிட்டா என்ன தப்பு? எல்லாரும்தான் பண்றாங்க.

அமேசானில் விதிப்படியே தப்பு. எழுதியவரோ, குடும்பத்தாரோ, நெருங்கிய நண்பர்களோ அங்கே மதிப்புரை போடக் கூடாது. காசு கொடுத்தும் வாங்கக் கூடாது. தெரியவா போகிறது என்கிறீர்களா? 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறால், புனைபெயரில் மதிப்புரை எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்தன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே புகழ்ந்துகொண்ட எழுத்தாளர்கள் அதில் மாட்டினார்கள். நம் நாட்டிலும் போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. கொண்டுவந்தபோது அது கட்டாயம் இல்லை, விருப்பம் உள்ளவர்கள் பின்பற்றுவதாகத்தான் இருந்தது. அதனால் அதைக் காட்டிப் பயமுறுத்த மாட்டேன்.

விதியை விடுங்கள். உங்கள் மாமா போட்ட அஞ்சு நட்சத்திரத்தை நம்பி ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். ஏமாந்தால் அடுத்து உங்களை மட்டும் இல்லை, புதிதாக எழுதுகிற யாரையுமே வாங்க யோசிப்பார். ‘நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்’ ஏற்பாடும் இதே கதைதான். அதில் இன்னொரு நஷ்டம், இரண்டு பேருமே புத்தகத்தைப் படிப்பதில்லை.

11. இலவசமாப் புத்தகம் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லலாமா?

கொடுக்கலாம். எழுதியே ஆக வேண்டும் என்றோ, நல்லதாக எழுத வேண்டும் என்றோ நிபந்தனை போடக் கூடாது. அமேசான் விதியும் அதுதான். வாங்கியவர் எழுதும்போது இலவசப் பிரதி என்று ஒரு வார்த்தை குறிப்பிட்டால் நல்லது. பத்துப் பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேர் எழுதுவார்கள் என்ற என் அனுபவத்தையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் மனக்கசப்பு வேண்டாம்.

12. ஏஐ-கிட்ட கதையைக் கொடுத்தா ஒரு நிமிஷத்துல கருத்துச் சொல்லுதே. அப்புறம் ஆள் எதுக்கு?

ஒற்றுப்பிழை, பெயர் மாறியது, சொன்னதையே சொன்னது போன்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். என் பிழைப்பில் கை வைக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் அதற்கு அலுக்காது. மூன்றாம் பதிலில் கேட்கச் சொன்ன முதல் கேள்வி, எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்பது. அடுப்பில் பால் பொங்கியும் எழுந்து போக மனம் வராமல் படித்த ஒருவரிடம்தான் அதைக் கேட்க முடியும். தலையில் ஒட்டிய பஞ்சைச் சொன்னவரும் மில்லில் நின்றவர்தான்.

13. புத்தகம் அச்சாகி வந்தாச்சு. இனிமே தப்பைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி ஒரேயடியாக அடித்துவிட்டு, அது தீர வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. இப்போது பலரும் தேவைக்கு ஏற்ப ஐம்பது, நூறு என்று அடிக்கிறார்கள். அடுத்த கட்டு அடிக்கும் முன் கோப்பைத் திருத்திவிடலாம். கிண்டில் என்றால் இன்னும் சுலபம், திருத்திய கோப்பை ஏற்றினால் புதிதாக வாங்குபவருக்கு அதுதான் போகும்.

ஆனால் தகவல் பிழையையும் எழுத்துப் பிழையையும் மட்டும் திருத்துங்கள். வெளியான கதையின் போக்கை ஒவ்வொரு கருத்துக்கும் மாற்ற ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. அந்தப் பாடம் அடுத்த கதைக்கு.

14. திட்டினாக்கூடப் பரவால்லை. யாருமே ஒண்ணும் சொல்லலைன்னா என்ன பண்றதுக்கா?

எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி இது. சும்மா இருப்பதற்கு அர்த்தம் எதுவாகவும் இருக்கலாம். படிக்கவில்லை, படித்தார்கள் ஆனால் சொல்லத் தெரியவில்லை, பிடிக்கவில்லை ஆனால் சொல்ல மனமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அதை வைத்து ‘என் எழுத்து மோசம்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

எல்லோரிடமும் பொதுவாகக் கேட்பதை நிறுத்துங்கள். ஒரே ஓர் ஆளைப் பிடித்து, ஒரே ஒரு கதையைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு முன், நீங்கள் கடைசியாகப் படித்த புத்தகத்தைப் பற்றி அதை எழுதியவருக்கு நாலு வரி எழுதினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் டீ டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

15. சரி, உங்க கூட்டத்துக்கு என் கதையைக் கொண்டு வரலாமா?

தாராளமாக. பத்து நாள் முன்பே பன்னிரண்டு பிரதி கொடுத்துவிட வேண்டும். வந்து உட்கார்ந்தால் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. புத்தகத்தோடு நீங்களும் வாசகர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்ல முடியாதே. அப்புறம், தயவுசெய்து பக்க எண் போட்டுக் கொண்டுவாருங்கள். போன மாதம் ஒருவர் போடாமல் வந்து, “அந்தக் கிணத்துக்கு அப்புறம் வர்ற பக்கம்”, “எந்தக் கிணறு? ரெண்டு கிணறு இருக்கே” என்று பேசியே அரை மணி நேரம் போய்விட்டது.